நாற்பத்திரண்டு பக்கத்துக்கு ஒரு சர்வர்

சேந்தன்வயலில் மோட்டார் ஸ்டார்ட்டர் எரிந்தாலும், டி.வி.யில் படம் வராவிட்டாலும், பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க்கை போனில் பார்க்கவேண்டுமென்றாலும் ஊரார் முதலில் போய் நிற்பது ஆத்மநாதன் வீட்டு வாசலில்தான். அந்த வீட்டில் ஒரு பி.இ. இருந்தது. அது இருந்த ஆளின் பெயர் நிலவழகன். ஆனால் ஆளைவிட அந்த இரண்டெழுத்துக்குத்தான் வீட்டில் மரியாதை அதிகம். கேட்டில் பெயின்ட்டில் எழுதியிருந்தது. கேஸ் சிலிண்டர் வாங்கும்போது கையெழுத்துக்குப் பின்னால் நிலவழகன் அதையும் சேர்த்தே போடுவான். சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருமுறை, "இதையும் எழுதுனாத்தான் கேஸ் பிடிக்குமா தம்பி?" என்று கேட்டார். அதன் பிறகும் அவன் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஸ்டார்ட்டர் எரிந்தால் போய்ப் பார்ப்பான். மூடியைக் கழற்றி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "காயில் போயிருக்கும்" என்பான். மெக்கானிக்கும் வந்து அதையே சொன்னால் நிலவழகனின் மதிப்பு ஏறும். வேறு சொன்னால் மெக்கானிக்குக்குப் படிப்புப் பத்தவில்லை என்று ஆகும். எப்படிப் பார்த்தாலும் நிலவழகனுக்கு நஷ்டமில்லை.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து பையில் வைத்திருந்தான். அது கல்லூரிக் கட்டணச் சலுகைக்காகக் கொடுத்தது. படித்து முடித்து இரண்டு வருடமாகியும் அது பையைவிட்டு இறங்கவில்லை. யாராவது கேட்டால்? இதுவரை யாரும் கேட்கவில்லை.

பெருமைப்பட அவனுக்குக் காரணம் இல்லாமலில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினிதான் அவன் கைப்பட்ட முதல் கம்ப்யூட்டர். அதை மூடாமல் வைத்தால் சூடாகி வெடித்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு மாதம் ஈரத்துணி மேல் வைத்தே இயக்கினான். அப்படிப்பட்டவன் நாலு வருடம் படித்து, புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான் என்றால், கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். அவனுடையது நிமிர்ந்து நிமிர்ந்து முதுகுப் பக்கம் வளைகிற அளவுக்குப் போனது. கோளாறு அங்கேதான்.

நிறுவனத்தில் மொத்தம் ஏழு பேர். முதலாளி லக்ஷ்மணன், திருமயம் பக்கத்து வணிகக் குடும்பம். வாசம் சென்னை. மாதம் ஒருமுறை வந்து போவார். இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஜாஸ்பின். ஆவூர்க்காரர், சென்னையில் பத்து வருடம் பெரிய நிறுவனங்களில் இருந்துவிட்டு, பிள்ளை பிறந்த பிறகு மாவட்டத்துக்கே திரும்பியவர்.

நிலவழகன் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு வருடம் புரபேஷன், ஜூன் கடைசியில் முடிகிறது. அதே ஜூன் கடைசிக்குள் இன்னொரு முடிவும் காத்திருந்தது. அறந்தாங்கியிலிருந்து குவைத்துக்குப் போய் இருபது வருடமான தாய்மாமன் நாகராசு, ஒரு ஸ்டோரில் சாமான் கணக்கெடுக்கும் வேலைக்கு விசா பார்த்து வைத்திருந்தார்.

"பாஸ்போர்ட் காப்பிய மட்டும் அனுப்பு மாப்ள. மிச்சத்த நா பாத்துக்கிறேன். மாடியில ஒக்காந்து என்னத்தத் தட்டுற நீ?"

அப்பா ஆத்மநாதன் இரண்டு பக்கமும் பேசாமல் நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார். "வேல நெரந்தரமானா இரு. இல்லேன்னா மாமாகிட்டப் போ. ரெண்டுங்கெட்டானா நிக்காத."

நிலவழகனுக்குப் போக விருப்பமில்லை. அவனுக்கு நிரல் எழுதப் பிடித்திருந்தது. அதைவிட, தான் நிரல் எழுதுவதாக அடுத்தவரிடம் சொல்வது பிடித்திருந்தது.

அந்த வருடம் நிறுவனத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. கட்டுமாவடியில் மீன் வாங்கி வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம். கட்டுமாவடியிலும் மீமிசலிலும் எடைக் கொட்டகைகள், பதினொரு லாரிகள். எந்தப் படகு மீன், என்ன மீன், எத்தனை கிலோ, எந்த லாரி என்று கையால் எழுதிக்கொண்டிருந்த எடைச்சீட்டு இனிமேல் கம்ப்யூட்டரில் வரவேண்டும். முதலில் கட்டுமாவடி; சரியாக நடந்தால் பிறகு மீமிசல். கொட்டகையில் நெட் வருவதும் போவதுமாக இருப்பதால், எல்லாம் கொட்டகையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

"அப்ளிகேஷன் சர்வர் எது வைக்கலாம்னு பாத்து நீ ஒரு ரிப்போர்ட் குடு நிலவழகா" என்றார் ஜாஸ்பின். "இது நல்லா வந்துச்சுன்னா ஒன் கன்ஃபர்மேஷனுக்கு நானே சார்கிட்டப் பேசுறேன்."

அப்ளிகேஷன் சர்வர் என்பது கல்யாணப் பந்தியில் நடுவில் நிற்கிற ஆள் மாதிரி. சமைத்தவர் உள்ளே இருப்பார், சாப்பிடுகிறவர் இலைமுன் இருப்பார். ஒரே நேரத்தில் நூறு பேர் கை நீட்டினாலும் எந்த இலைக்கு எது போகவில்லை என்று பார்த்து, யாரும் கோபித்துக்கொண்டு எழுந்துவிடாமல் கவனிக்கிறவர் இடையில் ஒருவர் உண்டல்லவா, அவர். மென்பொருள் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அந்த ஆள் சரியில்லையென்றால் பந்தி கெட்டது.

நிலவழகன் முன் இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று பெரிய சர்வர். வங்கிகளும் விமான நிறுவனங்களும் வைத்துக்கொள்வது. ஐயாயிரம் இலைப் பந்திக்குப் பழகியது. வந்து இறங்கி, பாத்திரம் பண்டத்தை அடுக்கி, நிமிர்ந்து நிற்கவே ஒன்பது நிமிடம் ஆகும். மற்றது சின்னது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூப்பிட்ட எட்டாவது விநாடி வாளியோடு வந்து நிற்கும்.

யாருக்கும் தெரியும், மீன் கொட்டகைக்கு எது என்று. நிலவழகனுக்கும் தெரிந்தது. ஆனால் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், பெங்களூருக்குப் போனவர்கள் பெரிய சர்வர் பெயர்களையே எழுதிக்கொண்டிருந்தார்கள். 'நான் சின்னதை வைத்து வேலை பார்க்கிறேன்' என்று அங்கே எழுதுவது, கல்யாணத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் இறங்குவது போல இருந்தது. ஊரிலும், "நா பாக்குறது பேங்க்ல வைக்கிற சர்வரு" என்றால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும்.

ஆனாலும் அவன் நேர்மையாகத்தான் தொடங்கினான். பதினாறு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டிப் பார்த்தான். சின்னது எழுபத்தொன்று, பெரியது ஐம்பத்தெட்டு. கூட்டலில் தவறு என்று நினைத்து மறுபடி கூட்டினான். இல்லை. தவறு கூட்டலில் இல்லையென்றால் மார்க்கில்தான் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தான். 'தொடங்க எடுக்கும் நேரம்' என்பதற்கு ஒதுக்கியிருந்த பத்து மார்க்கை ஒன்றாக்கினான். 'எதிர்கால விரிவாக்கம்' ஐந்திலிருந்து இருபதுக்குப் போயிற்று. அப்படியும் சின்னது தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பதினேழாவதாக 'நிறுவனத்தின் கௌரவம்' என்று ஒரு அம்சத்தைப் புதிதாகச் சேர்த்தான். பெரியது இரண்டு மார்க்கில் ஜெயித்தது. இன்னும் கூட்டியிருக்கலாம். கடும் போட்டி என்று படிக்கிறவர்கள் நம்பவேண்டுமே என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டான்.

நாற்பத்திரண்டு பக்கம். வண்ண அட்டை. ஸ்பைரல் பைண்டிங்.

ஜாஸ்பின் புரட்டினார். "எந்திரிக்க ஒம்பது நிமிஷம் ஆகும்னு போட்டிருக்கியே?"

"ஒரு தடவ எந்திரிச்சுச்சுன்னா வருசம் பூரா படுக்காது மேடம்."

"கட்டுமாவடிக்குப் போய்ப் பாத்தியா?"

"நா அந்தப் பக்கத்து ஆளுதான மேடம். எனக்குத் தெரியாத கடலா?"

சேந்தன்வயலிலிருந்து கடல் இருபத்தைந்து கிலோமீட்டர். நிலவழகன் அதை வாழ்நாளில் நான்கு முறை பார்த்திருந்தான். மூன்று முறை ஆடி அமாவாசைக்கு, ஒருமுறை பள்ளிச் சுற்றுலாவில். மீனோடு அவனுக்கிருந்த பழக்கம், டி.வி.எஸ்.ஸில் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குள் வரும் வியாபாரியின் ஹாரன் சத்தத்தோடு முடிந்தது.

"எதுக்கும் ஒரு தடவ போய் ஓட்டிப் பாத்துட்டு வா" என்றார் ஜாஸ்பின்.

போனான். மே மாதம் இரண்டாவது வாரம்.

கொட்டகையின் பொறுப்பாளர் செல்வராணி. பதினெட்டு வருடமாக எடைச்சீட்டு எழுதுகிறவர். கொண்டையில் ஒரு பேனா, காதில் ஒரு பேனா. நிலவழகன் கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., பிரிண்டர் என்று ஒவ்வொன்றாக இறக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன தம்பி, இப்பப்போயி வந்திருக்கீக? இது தடைக்காலமுல்ல. விசைப்படகு பூராவும் கரையில கெடக்கு. நாட்டுப்படகு நாலு வந்தாத்தான் உண்டு."

"டெஸ்ட் பண்றதுக்கு இது போதும்க்கா."

"பொண்ணு ஊருக்குப் போயிருக்கயில பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல இருக்கு."

நிலவழகன் சிரித்துவைத்தான். படிக்காதவர்கள் அப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்பது அவன் எண்ணம். செல்வராணி பி.காம். என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொட்டகை மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஏதோ ஒரு மிஷின் நின்றது. அது என்னவென்று அவன் கேட்கவில்லை. பை வைக்க வாகான உயரத்தில் இருந்தது, வைத்துக்கொண்டான்.

பெரிய சர்வர் ஒன்பது நிமிடம் எடுத்து எழுந்தது. அந்த நேரத்தில் அவன் செல்வராணிக்கு அதன் சிறப்புகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும் என்று, ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு சர்வர்களை ஓடவிட்டிருந்தான். ஒரே மரத்தில் இரண்டு கிளையில் காலை வைத்துக்கொண்டு, இந்தக் கிளை முறிந்தால் அந்தக் கிளை என்று இருப்பது போன்ற ஏற்பாடு. மரத்தைப் பற்றி அறிக்கையின் நாற்பத்திரண்டு பக்கங்களிலும் ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டு நாளில் முப்பத்திநான்கு சீட்டுகள். ஒன்றுகூடத் தவறவில்லை. பிரிண்டரிலிருந்து சீட்டு வெளியே வருவதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். 'சோதனை முழு வெற்றி' என்று எழுதி அறிக்கையோடு சேர்த்தான். இப்போது நாற்பத்துமூன்று பக்கம்.

தடைக்காலம் ஜூன் பதினான்காம் தேதியோடு முடிகிறது. மறுநாள் படகுகள் கடலுக்குப் போகும்; பதினாறாம் தேதி விடியலில் மீன் வரும். அன்றே புதிய முறையைத் தொடங்குவது என்று ஏற்பாடு. பழைய சீட்டுப் புத்தகங்களை ஒன்றுவிடாமல் கட்டி மீமிசல் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த யோசனையும் நிலவழகனுடையதுதான். 'பேப்பர் கையிலிருந்தால் ஜனங்கள் மாற மாட்டார்கள்' என்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தான்.

பதினாறாம் தேதி காலை ஐந்தேகாலுக்கு லக்ஷ்மணனே வந்து இறங்கினார். ஜாஸ்பினும் வந்திருந்தார். நிலவழகன் வெள்ளைச் சட்டையை இன் செய்திருந்தான். மீன் கொட்டகைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்த ஒரே ஆள் அவன்தான். லக்ஷ்மணன்கூட கட்டம் போட்ட சட்டையில் வந்திருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு முதல் வண்டி. காரல், கணவாய், நண்டு, நெத்திலி. பெட்டி தராசில் ஏறியது, எடை திரையில் விழுந்தது, சீட்டு வெளியே வந்தது. செல்வராணி சீட்டைக் கிழித்துப் பார்த்து, "அட, நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். நிலவழகன் லக்ஷ்மணன் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். வேலை நிரந்தரமான செய்தியை எந்தப் படத்தோடு ஸ்டேட்டஸ் வைப்பது என்று அவன் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தான்.

சரியாகப் பன்னிரண்டு நிமிடம் நடந்தது அந்த வாழ்வு.

இரண்டு ஆட்கள் போய் மூலையிலிருந்த தார்ப்பாயை உருவினார்கள். உள்ளேயிருந்தது ஐஸ் உடைக்கிற மிஷின். ஒரு ஆள் ஐஸ்பாரைத் தூக்கி அதன் வாயில் போட, இன்னொருவர் சுவிட்சைத் தட்டினார். கொட்டகையே நடுங்குகிற சத்தம். டியூப் லைட் மங்கியது. மேலே மின்விசிறி நின்று யோசித்தது. யு.பி.எஸ். 'கீ கீ' என்று கத்தி பேட்டரிக்குத் தாவியது.

முதல் வண்டிக்குத் தாங்கியது. இரண்டாவது வண்டிக்கும் தாங்கியது. வண்டிக்கு வண்டி மிஷின் ஓடும், வண்டிக்கு வண்டி மின்சாரம் விழும். மூன்றாவது வண்டியில் யு.பி.எஸ். ஒரு நீண்ட கேவலோடு செத்துப்போனது. கம்ப்யூட்டர் இருண்டது. அந்தக் கிளையில் இருந்த சர்வரும் இந்தக் கிளையில் இருந்த சர்வரும் ஒன்றாகவே கீழே வந்தன.

"என்னாச்சு தம்பி?"

"ரீஸ்டார்ட் ஆகுதுக்கா. ரெண்டு நிமிஷம்."

"ஒங்க ரெண்டு நிமிஷத்துல நெத்திலி கருவாடாயிரும்."

கம்ப்யூட்டர் எழுந்தது. பெரிய சர்வர் நிதானமாகப் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கியது. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். ஏழாவது நிமிடத்தில் அடுத்த வண்டி வந்தது. மிஷின் உறுமியது. எல்லாம் அணைந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.

இரண்டாம் முறையும் அப்படியே ஆனபோது நிலவழகன் ஒரு காரியம் செய்தான். கையை உயர்த்தி, "ஒரு ஒம்பது நிமிஷம் மட்டும் அந்த மிஷின நிப்பாட்டுங்கண்ணே" என்றான்.

கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. டீக்கடையைத் திரும்பிப் பார்க்கவைக்க அவன் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறான். இது தானாகவே நடந்தது.

"ஐஸ நிப்பாட்டவா?" என்றார் மிஷின்காரர். "தம்பி, நீங்க எந்த ஊரு?"

"ஆவுடையார்கோயில் பக்கந்தான்ணே."

"ஓ, வயக்காட்டு ஆளா" என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு, அடுத்த ஐஸ்பாரைத் தூக்கினார்.

ஏழு மணிக்குள் முதல் லாரி கிளம்பாவிட்டால் மறுநாள் சந்தை போய்விடும். சீட்டில்லாமல் லாரியை விட முடியாது. சீட்டுப் புத்தகமோ மீமிசலில் இருக்கிறது. செல்வராணி ஒரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, தெர்மாகோல் பெட்டி மூடிகளின் மேல் படகுப் பெயரையும் எடையையும் எழுத ஆரம்பித்தார். மூடி மேல் மூடியாக அடுக்கு வளர்ந்தது. லக்ஷ்மணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நிலவழகனைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நிலவழகனின் பையில் அவனுடைய லேப்டாப் இருந்தது. அதற்குள் சின்ன சர்வர் இருந்தது. இன்று நேற்றல்ல, ஆறு மாதமாக. பெரிய சர்வர் எழுந்து நிற்கக் காத்திருந்தால் ஒரு நாளில் நான்கு வரி மாற்றிப் பார்க்க முடியாது. அதனால் அறிக்கை எழுதிய நாளிலும் சரி, அதற்கு முன்னும் பின்னும் சரி, தன் வேலையை அவன் சின்னதில்தான் பார்த்துவந்தான். எடைச்சீட்டு மென்பொருள் முழுவதையும் சின்னதில் எழுதி, சின்னதில் சரிபார்த்து, கடைசியில் பெரியதன் மேல் ஏற்றிவைத்தான். வீட்டில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு, ஊருக்கு ஓட்டலைச் சிபாரிசு செய்கிறவன் கதைதான்.

லேப்டாப்பைத் திறந்தால் எட்டு விநாடியில் சீட்டு வரும். லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி. ஐஸ் மிஷின் எவ்வளவு உறுமினாலும் அதற்குக் காது கேட்காது. ஆனால் திறந்த உடனே லக்ஷ்மணன் கேட்பார்: இது எங்கிருந்து வந்தது? எப்போதிலிருந்து இருக்கிறது? அப்படியானால் அந்த நாற்பத்துமூன்று பக்கம்? திறந்தாலும் குவைத், திறக்காவிட்டாலும் குவைத்.

அவன் உடனே துணிந்து முடிவெடுத்தான் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். அவன் எடுத்தது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் பிரிண்டரின் கேபிளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக, ஏதோ முக்கியமான பழுதைப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தான். ஊரில் ஸ்டார்ட்டருக்குச் செய்கிற அதே வித்தை. இடையில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன.

"தம்பி" என்றார் செல்வராணி. "மூடி தீந்துபோச்சு. இனிமே எதுல எழுத? ஒங்க சட்டையிலயா? வெள்ளையாத்தான் இருக்கு."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே, யாருடைய முகத்தையும் பார்க்காமல், அவன் பையைத் திறந்து லேப்டாப்பை எடுத்து ஒரு நண்டுப் பெட்டியின் மேல் வைத்தான். தராசுக் கேபிளையும் பிரிண்டர் கேபிளையும் அதற்கு மாற்றினான். எட்டு விநாடி. முதல் சீட்டு வந்தது. ஐஸ் மிஷின் ஓடியது, விளக்கு மங்கியது, பிரிண்டர் ஒருமுறை அணைந்து எரிந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூடிகளில் இருந்ததையெல்லாம் செல்வராணி உரக்கப் படிக்கப் படிக்க அவன் தட்டினான். விசைப்பலகையில் செதில் ஒட்டியது. சட்டை முழங்கை வரை மீன் தண்ணீர். முதல் லாரி ஏழு இருபதுக்குக் கிளம்பியது. இருபது நிமிடம் தாமதம்.

"வெரட்டிப் போனாப் புடிச்சுரலாம்" என்று சொல்லிவிட்டு டிரைவர் போனார்.

வண்டிகள் கொஞ்சம் ஓய்ந்ததும் லக்ஷ்மணன் பக்கத்தில் வந்து நின்றார். எப்போதும் யாரையும் 'நீங்க' என்றே சொல்கிறவர். கோபத்திலும் அது மாறாது என்பது அன்று தெரிந்தது.

"இத எப்பத் தம்பி போட்டீங்க?"

"இப்பப் போடல சார். இருந்துச்சு."

"எத்தன நாளா?"

"ஆறு மாசமா சார். நா வேல பாக்குறதே இதுலதான்."

"அப்ப அது?"

அவர் கையைக் காட்டிய நேரத்தில், மேசையில் இருந்த பெரிய சர்வர் ஒன்பது நிமிடத்தை ஒருவழியாக முடித்து, 'சேவைக்குத் தயார்' என்று திரையில் எழுதிக் காட்டியது.

"அது ரிப்போர்ட்டுக்கு சார்" என்றான் நிலவழகன்.

ஜாஸ்பின் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அந்த மார்க்கு?" என்றார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்த அளவுக்கு வந்த பிறகு எதை ஒளிப்பது என்று அவனுக்கே சலித்துவிட்டது. "மொதல்ல சின்னதுதான் மேடம் ஜெயிச்சுச்சு. எழுவத்தொண்ணுக்கு அம்பத்தெட்டு. நாந்தான் மார்க்க மாத்துனேன். பதினேழாவது அயிட்டம் நானாச் சேத்தது."

"நிறுவனத்தின் கௌரவமா?"

"ஆமா மேடம்."

ஜாஸ்பின் லக்ஷ்மணன் பக்கம் திரும்பினார். "சார், இதுல எனக்கும் பங்கிருக்கு. நா பதினஞ்சாம் பக்கத்துக்கு மேல படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"நா அட்டையத்தான் பாத்தேன்" என்றார் லக்ஷ்மணன். "அட்ட நல்லா இருந்துச்சு."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மூவரும் நின்றார்கள். லக்ஷ்மணன்தான் பேசினார்.

"லேப்டாப்பத் தெறக்காம நின்னிருந்தீங்கன்னா இன்னைக்கே கணக்கு முடிச்சிருப்பேன். தெறந்துட்டீங்க, அதனால அனுப்ப மனசு வரல. மார்க்க மாத்திருக்கீங்க, அதனால நெரந்தரம் பண்ணவும் மனசு வரல. இன்னும் மூணு மாசம். இந்தக் கொட்டகையிலயே இருங்க. சின்னதப் போட்டு, யு.பி.எஸ்.ஸுக்குத் தனி லைன் இழுத்து, இத ஓட வைங்க. மூணு மாசங்கழிச்சு இவங்க ஒங்களப் பத்தி என்ன சொல்றாங்களோ, அதான்." அவர் காட்டியது செல்வராணியை.

"நா நல்லாத்தான் சார் சொல்லுவேன்" என்றார் செல்வராணி. "ஐஸ நிப்பாட்டச் சொல்லாம இருந்தா."

எட்டு மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. கன்ஃபர்மேஷன் அன்றைக்கே வந்துவிடும் என்று ஊர் முழுவதும் சொல்லிவைத்திருந்தான். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னான்.

"நெரந்தரமுமில்ல, போகவுஞ் சொல்லல" என்றார் ஆத்மநாதன். "ரெண்டுங்கெட்டானாவுல்ல நிக்கிற."

"ஆமாப்பா."

"ஒனக்கு அங்க இருக்கணும்னு இருக்கா?"

"இருக்குப்பா."

"சரி, இரு. ஆனா மாமாட்ட நீயே சொல்லிரு. அவன் வாயில என்னால விழ முடியாது."

சொல்லிவைத்தது போல அடுத்த போன் குவைத்திலிருந்து வந்தது.

"என்ன மாப்ள, நெரந்தரமாயிருச்சா?"

"இல்ல மாமா. மூணு மாசம் தள்ளிட்டாங்க."

"அப்ப ஃபெயிலு."

"ஃபெயில் இல்ல மாமா. அரியரு."

"அடப் பாவி. காலேஜ்ல ஒண்ணுகூட வைக்காத பய, சம்பளம் வாங்குற எடத்துல வச்சிருக்க. சரி விடு, பாஸ்போர்ட் காப்பிய இன்னைக்கே அனுப்பு."

"அனுப்பல மாமா."

"இந்த விசா போச்சுன்னா அடுத்தது எப்பன்னு என்னால சொல்ல முடியாது. தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் மாமா."

"அங்க அப்பிடி என்னதான் வேல ஒனக்கு?"

"மீன் எட போடுற வேல மாமா."

"எட போடவா? எலே, ஸ்டோருல சாமான் எண்ணுறது கேவலமுன்னு..."

"தம்பி!" செல்வராணி தராசடியிலிருந்து கத்தினார். "எறா வண்டி ரெண்டு சேந்து வந்திருக்கு. சீட்டு, சீட்டு!"

"மாமா, வண்டி வந்துருச்சு. வைக்கிறேன்."

"என்ன வண்டிடா? நா பேசிக்கிட்டிருக்கயில..."

வைத்துவிட்டான். குவைத்திலிருந்து வந்த போனை அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பாதியில் வைத்ததில்லை. நிலவழகனுக்கே அது உறைத்தது நான்காவது பெட்டிக்குச் சீட்டுப் போடும்போதுதான். அதற்குள் ஐந்தாவது பெட்டி தராசில் ஏறியிருந்தது.